காஜாவுக்குள் எத்தனை குடித்தனம்

காலர் வைத்த டீ-சர்ட் போட்டுக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் கழுத்துக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு பட்டனோ மூன்று பட்டனோ இருக்கும். பட்டன் நுழைகிற சின்னக் கீறலைச் சுற்றி நெருக்கமாக நூல் ஓடியிருக்கும். அதற்குப் பெயர் காஜா. அதைப் போடுவதுதான் என் பிழைப்பு.

திருப்பூரில் ஒரு சந்துக்குள் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. மூன்று காஜா மெஷின், இரண்டு பட்டன் மெஷின், ஒரு செக்கிங் டேபிள். கம்பெனிக்காரர்கள் சட்டையைத் தைத்து மூட்டை கட்டி அனுப்புவார்கள். அவர்களைப் பார்ட்டி என்போம். நாங்கள் காஜா போட்டு, பட்டன் வைத்து, ஒவ்வொரு சட்டையையும் பூட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் யாராவது ஒரு சொல்லைப் புதிதாகச் சொல்லிவிட்டால் அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வராது. நூல் கடையில் கொடுத்த பழைய டைரி ஒன்று மெஷின் டிராயருக்குள் கிடக்கும். அதில் எழுதி வைத்துவிடுவேன். இன்ன ஊரில் இன்னதை இப்படிச் சொல்கிறார்கள் என்று. ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். அநேகமாக நாலு வரியில் முடிந்துவிடும். காஜாவுக்கு மட்டும் பக்கம் போதாமல் அட்டையின் உள்பக்கம் வரைக்கும் போய்விட்டது. எப்படிப் போயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் வரியை எழுத வைத்தவர் எங்கள் மெக்கானிக் பாய். மாசம் ஒருமுறை வந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டு, கத்தியைத் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். நிறையப் படிக்கிறவர். அவருடைய பெயரில் பாதி காஜா. பல வருஷம் அதை வைத்து அவரைக் கிண்டல் பண்ணியிருக்கிறோம். ஒரு நாள் பொறுமையாக விளக்கினார். அவர் பெயரில் இருப்பது பாரசீகத்திலிருந்து வந்ததாம். எசமான், பெரிய மனுஷன் என்று அர்த்தமாம். தொண்டைக்குள்ளிருந்து எடுத்துச் சொல்ல வேண்டுமாம். சொல்லியும் காட்டினார். நாங்கள் நாலு பேர் முயன்று பார்த்தோம், எல்லோருக்கும் இருமல்தான் வந்தது. கடைசியில் அவரே, “உடுங்க தங்கச்சி. நீங்க ஓட்டையச் சொன்னாலும் என்னையச் சொன்னாலும் நாந்தானே வந்து பாக்கோணும்” என்று சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது வரி பீகார்த் தம்பியுடையது. அவரைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பெரும்பாலும் அவர் கதை.

அவர் எங்களிடம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். காஜா மெஷினில் அவரைப்போலக் கை வராது யாருக்கும். அளவு குச்சி வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் முன்னே பின்னே இருக்காது. தமிழை எங்கள் ஷெட்டில்தான் கற்றார். அதனால் எங்கள் ஊர்த் தமிழாகவே வந்துவிட்டது. நூல் அறுந்தால் மெஷினைப் பார்த்து, “ஏனுங்க?” என்பார். அவர்தான் சொன்னார், அவர்கள் பக்கம் தையல்காரர்கள் இதை காஜ் என்பார்கள், வேலைவெட்டியையும் காஜ் என்பார்கள், கல்யாணத்துக்குச் செய்கிற ஓர் இனிப்புக்கும் ஏறக்குறைய அதே பெயர், ஆனால் அதில் ‘க’ வேறு என்று. எப்படி வேறு என்றால் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினார். இனிப்புக்குக் காற்று கையில் அடிக்கும். வேலைக்கு அடிக்காது.

நம் எழுத்தில் அத்தனைக்கும் ஒரே ‘கா’தான். எங்கெங்கிருந்தோ வந்த சொற்கள் லைன் வீட்டில் குடியேறின மாதிரி ஒரே கதவு எண்ணில் குடித்தனம் நடத்துகின்றன. அதையும் டைரியில் எழுதினேன். அப்போது அது எனக்கு ஒரு விளையாட்டு. தம்பிக்கு வீடு தேட ஆரம்பித்த பிறகு அந்த வரியைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

தம்பிக்கு ஊரில் மனைவியும் ஐந்து வயது மகளும். மகள் பிறந்ததிலிருந்து அவளோடு இருந்த நாளையெல்லாம் கூட்டினால் நாலு மாசம் தேறாது என்று ஒருமுறை சொன்னார். ஏழு பேர் தங்கும் ரூமில் அவருக்கு ஒரு பாய் அகலம் இடம். ஜூனில் மகளை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவு பண்ணினார். பீகாரிலிருந்து டிக்கெட் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு, வீட்டுக்கென்ன, இங்கே வீதிக்கு வீதி ‘வீடு வாடகைக்கு’ போர்டு தொங்குகிறதே என்று நினைத்து, இரண்டு மாசம் முன்னாலேயே டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிட்டார். மே மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறார்கள். துணைக்கு மனைவியின் அண்ணன் வருகிறார். அந்த அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டாராம். வீடென்று ஒன்று கண்ணால் பார்த்தால் தங்கையை விட்டுவிட்டு வருவேன், ரூம் என்றால் மறுநாள் ரயிலிலேயே இருவரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று. அப்படிப் போனால் தானும் பின்னாலேயே போய்விடுவதாகத் தம்பி என்னிடம் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலத்தான் சொன்னார்.

போர்டு தொங்கிய வீடுகளில் ஐந்தாறு இடத்தில் கேட்டோம். நான் கேட்கும்போது வீடு இருந்தது. தம்பி பின்னால் நிற்பதைப் பார்த்ததும் நேற்றே அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது எங்கள் வீதிக் கடைசியில் உள்ள வீட்டின் பின்போர்ஷன். அதன் சொந்தக்காரரை ஹவுஸ் ஓனர் என்றே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ‘ஊட்டுக்காரர்’ என்றால் புருஷன், வம்பு வேண்டாம். பல்லடம் பக்கம் தறி ஓட்டியவர். தறிகளை விற்றுவிட்டு இங்கே வந்து வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். கை சும்மா இருக்காது. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டுகிற வேலையை அவரும் என்னிடம் வாங்கிப் போவார். கேட்டுக்குள் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு, டிரிம்மர் என்கிற அந்தச் சின்னக் கத்திரியால் நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டிருப்பார். நாலு போர்ஷன் வைத்திருக்கிற மனுஷனுக்கு நூல் பொறுக்குகிற வேலை எதற்கென்று வீதியே கேலி பேசும். அவர் சம்சாரம், “வேட்டிய ஒதறுனா ஒரு சட்டைக்கு நூலு உளுகுதுங்க” என்று என்னிடம் முறையிடுவார்.

அவரிடம் போய்க் கேட்டேன். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, கடைசிவரை கேட்டுவிட்டு, இல்லையென்றார். முன்பு வடக்கத்திக்காரர்களுக்குத்தான் விட்டிருந்தாராம். இரண்டு பேர் என்று வந்து எட்டுப் பேர் இருந்தார்களாம். தொட்டித் தண்ணீர் காலை எட்டு மணிக்கே காலியாகி மற்ற மூன்று குடித்தனமும் சண்டைக்கு வந்ததாம். பூட்டிய போர்ஷன் ஒன்றரை வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. “தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. பையன் நல்ல பையனாத்தான் இருப்பான். எனக்கு எண்ணம் ஒத்துவரோணுமுங்க” என்றார். எண்ணம் என்றால் எண்ணிக்கை. தறிக்காரர்களுக்கு எல்லாமே இழை எண்ணுகிற கணக்கு.

இது நடந்தது அவர்கள் வந்து இறங்குகிற வாரத்துத் திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய்க்கிழமை பார்ட்டி ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். போர்ச்சுகல்லிலிருந்து வந்தவர். சட்டை வாங்குகிற கம்பெனிக்காகத் தரம் பார்க்கிறவர். போன லாட்டில் துவைத்த பிறகு காஜாவில் நூல் பிரிந்ததாம். அது எங்களிடம் போட்டதில்லை. ஆனாலும் எல்லா ஷெட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். அறுபது வயதிருக்கும், முட்டி வலி. தம்பியின் ஸ்டூலையே வாங்கிப் போட்டு உட்கார்ந்தார்.

வெட்டாத காஜாவாக நாலு போட்டுக் காட்டச் சொன்னார். இதை விளக்க வேண்டும். காஜா மெஷின் முதலில் சுற்றிலும் தைத்துவிட்டு, முடிவில் டொக்கென்று கத்தியை இறக்கி நடுவில் கீறும். கத்தியை நிறுத்தியும் வைக்கலாம். அப்போது தையல் மட்டும் விழும், ஓட்டை திறக்காது. தையலின் நெருக்கத்தைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். தம்பி கத்தியை நிறுத்திவிட்டு நாலு போட்டார். அந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நகத்தால் நெருடிப் பார்த்து, தலையாட்டிவிட்டு ஒரு வார்த்தை சொன்னார். காஸா.

எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. கூட வந்த பார்ட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அவள் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னாள். அவர்கள் மொழியில் காஜாவுக்கு அதுதான் பெயராம். வீட்டுக்கும் அதே பெயர்தானாம். பட்டன் குடியிருக்கிற வீடு. அந்த அம்மாவுக்கு நான் கேட்டது பிடித்துவிட்டது. தன் சட்டைப் பட்டனை ஒன்று கழற்றி மறுபடி நுழைத்துக் காட்டி, ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அவர்கள் போன பிறகு எங்கள் செக்கிங் டேபிள் பெண்தான் ஆரம்பித்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து பத்து வருஷமாக இங்கே இருக்கிறவள். வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிட அதிகம். தம்பியைப் பார்த்து, “ஒரு நாளைக்கு மூவாயிரம் வீடு கட்டுதாரு, தனக்குன்னு ஒரு வீடு கெடைக்கல பாத்தியளா யக்கா” என்றாள். ஷெட்டே சிரித்தது. தம்பியும் சிரித்தார். சாயங்காலம் போகும்போது மட்டும் என்னிடம் வந்து, அந்த அம்மா சொன்னது நிஜந்தானா என்று கேட்டார். நிஜந்தான் என்றேன்.

புதன்கிழமையும் தம்பியின் மெஷினுக்கு லாட் எதுவும் வரவில்லை, வேறு இரண்டு வீதிகளில் தேடினோம். கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலை அந்த அம்மா கம்பெனியின் புது லாட் வந்துவிட்டது. அறுநூறு சட்டை, சட்டைக்கு மூன்று காஜா. மறுநாள் பகல் பதினோரு மணிக்குப் பார்ட்டி வேன் வந்துவிடும். தம்பி உட்கார்ந்து போட ஆரம்பித்தார். ரயில் அன்று காலைதான் கிளம்பியிருந்தது. மணிக்கொரு தரம் மனைவியிடமிருந்து போன். எந்த ஸ்டேஷன் தாண்டிற்று, மகள் என்ன சாப்பிட்டாள் என்று. அவர் காதில் போன் வயரைச் செருகிக்கொண்டே வேலை செய்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவரிடம் என்னத்தைச் சொல்வது?

செக்கிங் பெண் அன்று அரை நாள் லீவு. மகனின் அட்மிஷனுக்காகப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். அதனால் பட்டனும் வைத்து முடித்த சட்டைகள் அவள் டேபிளில் பூட்டிப் பார்க்க ஆளில்லாமல் குவிந்தன. மத்தியானம் வந்தாள். முதல் சட்டையை எடுத்துப் பட்டனைப் பூட்டப் பார்த்தாள். இரண்டாவதை எடுத்தாள். குவியலுக்கு அடியிலிருந்து ஒன்றை உருவினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள், சத்தமில்லாமல்.

“யக்கா, இதுக்குக் கண்ணே தெறக்கல்லியே.”

செவ்வாய்க்கிழமை நிறுத்தின கத்தியைத் தம்பி திரும்பப் போடவே இல்லை. அறுநூறு சட்டையிலும் தையல் அச்சுப்போல இருந்தது. ஓட்டை மட்டும் இல்லை. கத்தி இறங்குகிற அந்த டொக் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும். அன்று காலை முழுக்க அது இல்லை என்பது, இரண்டு பட்டன் மெஷின் சத்தத்தில் எனக்கே உறைக்கவில்லை. அதனால் யாரையும் திட்டும் தகுதி எனக்கு இல்லை.

தம்பி எழுந்து நின்றார். மெஷினில் மறுபடி ஓட்ட முடியாது, தையல் மேல் தையல் விழும். கையால்தான் கீற வேண்டும். ஆயிரத்து எண்ணூறு. காஜாவின் இரண்டு முனையிலும் குண்டூசி குத்திக்கொண்டு, நடுவில் டிரிம்மர் நுனியால் கீற வேண்டும். ஊசி குத்தாவிட்டால் நுனி நழுவி முனைத் தையலை அறுத்துவிடும். அப்புறம் சட்டை குப்பைக்குத்தான்.

ஆனாலும் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். கத்தி இறங்கி நூல் ஓடாமல் போயிருந்தால் அறுநூறும் அப்படியே போயிருக்கும். தைத்துவிட்டுத் திறக்காமல் விட்டதைத் திறந்துவிடலாம்.

பிசிறு வெட்டுகிற பெண்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஐம்பது ஐம்பதாகக் கொண்டுபோய்க் கொடுத்து, குண்டூசி டப்பாவையும் கொடுத்து, எப்படிக் கீறுவதென்று காட்டினோம். ஷெட்டில் ஒரு பங்கை வைத்துக்கொண்டோம். கடைசியாக நூறு சட்டை மிஞ்சியது. அவ்வளவையும் ஒரு சாயங்காலத்துக்குள் தப்பில்லாமல் செய்யக்கூடியவர் ஒருவர்தான். ஹவுஸ் ஓனர்.

தம்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டார். வழியில் அவரிடம் சொல்லி வைத்தேன். அவர் ஏதாவது கேட்டால் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன், மெஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என்று. சரிங்க என்றார்.

மணி நாலு இருக்கும். ஹவுஸ் ஓனர் சேரில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவசர வேலை என்று அவரிடம் யாராவது வந்து எத்தனை நாளாயிற்றோ. வேட்டியை மடித்துக் கட்டினார். தம்பி தரையில் உட்கார்ந்து ஊசி குத்திக் கொடுக்க, அவர் கீறினார். நான் கீறினதை மடித்து அடுக்கினேன். ஊசி, கீறல், ஊசி, கீறல். பத்துப் பதினைந்து சட்டைக்குள் இருவர் கையும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டது.

நாற்பது, நாற்பத்தைந்து சட்டை ஆகியிருக்கும். பெரியவர் ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். தறிக்காரர்கள் பழக்கம் அது. துணி கையில் வந்தால் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுவார்கள். இன்னொன்றை எடுத்துப் பிடித்தார். மூன்றாவதையும்.

“அம்மணி, இத்தனைல ஒண்ணுகூடக் கோணல் இல்லீங்களே. ஆரு போட்டதுங்க?”

நான் மெஷின் என்று ஆரம்பித்தேன். தம்பி கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“நாந்தானுங்க அய்யா. கத்தி போட மறந்ததும் நாந்தானுங்க.”

பெரியவர் அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். இப்படித் தைக்கிறவன் எப்படி மறந்தான் என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னவர் தம்பி.

“ஊடு நெனப்புங்க.”

அவர் எந்த வீட்டைச் சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. ரயிலில் வந்துகொண்டிருப்பதா, கிடைக்காததா. இரண்டும் ஒன்றுதான் போல. பெரியவர் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி கீற ஆரம்பித்தார். தம்பி ஊசியை எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் மூன்று டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். இருபது முப்பது சட்டை அப்படியே போயிற்று. எனக்கு மட்டும் அடுக்கின சட்டையை மறுபடி மறுபடி கலைத்து அடுக்கத் தோன்றியது.

“எத்தன பேருன்னீங்க?” என்றார் திடீரென்று.

மூன்று பேர் என்றேன். தம்பியும் மூன்று விரலைக் காட்டினார். ஒரு விரலை மட்டும் கொஞ்சம் மடக்கி, அது சின்னது என்பதுபோல.

“எட்டுப் பேரு ஆவாதுங்களே?”

“ஆவாதுங்க.”

மறுபடி ஊசி, கீறல். நூறாவது சட்டை முடிந்தபோது வெயில் கேட்டுக்கு வெளியே போய்விட்டிருந்தது. பெரியவர் எழுந்து வேட்டியை உதறினார். தம்பியைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். காலை ஆறு மணிக்கு வரும், அரை மணி நேரம்தான். பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டித் தண்ணீருக்கு மோட்டாரை அவர்தான் போடுவார், மற்றவர்கள் சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. இன்னும் ஒரு ‘இல்லை’க்குத்தான் இத்தனை காரணம் என்று நினைத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கினார். வீதி முனைக்கு வந்துவிட்டார். நான்தான் நிறுத்திச் சொன்னேன். எங்கள் ஊரில் வீடு தருகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் தம்பி, ஹவுஸ் ஓனர் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட்டார் என்றால் வீடு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் மறுபடியும் சொன்னேன். அப்புறம்தான் போனை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வேன் வந்தது. ஒன்பது சட்டையில் நுனி நழுவியிருந்தது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, நடந்ததைப் பார்ட்டியிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் கொஞ்சம் முகத்தைச் சுளித்தார்கள். அவ்வளவுதான். நழுவின ஒன்பதில் ஒன்றுகூட அந்த நூறில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தார்கள். அந்த அண்ணன் வந்ததும் வராததுமாக பாத்ரூம் கதவைத் தள்ளிப் பார்த்தார், குழாயைத் திருகினார், ஜன்னல் கம்பியை ஆட்டினார். பெரியவர் கூடவே நின்று ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டிருந்தார். யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் அண்ணன், ‘டீக் ஹை’, சரிதான் என்றார். செக்கிங் பெண் தன் பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொண்டுவந்திருந்தாள்.

எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பால் காய்ச்சாமல் சாமானை உள்ளே வைக்கக் கூடாது என்று பெரியவரின் சம்சாரம் சொல்லிவிட்டார். புது அடுப்பில் பாலை வைத்தார்கள். பால் நுரைத்து மேலே வந்தது. தம்பியின் மனைவி பொறுப்பான பெண். பால் வீணாகிவிடுமே என்று சட்டென்று அடுப்பைக் குறைத்துவிட்டாள். பெரியம்மா பதறிப்போய், “உடு கண்ணு, உடு, பொங்கட்டும்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பால் பொங்கி அடுப்பை நனைத்ததைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டதும், இந்த ஊரில் பாலைக் கொட்டித்தான் குடி வருவார்களா என்பதுபோல அவள் தன் அண்ணனைப் பார்த்தாள்.

பிறகு அவள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். அடுக்கடுக்காக இதழ் பிரிந்த, பொன்னிறமான இனிப்பு. பெயர் என்ன என்று கேட்டோம். காஜா என்றாள். வாய்க்கு முன்னால் கை வைக்காமலே காற்று அடித்தது. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்ததில் அந்தச் சின்னப் பெண் பயந்து அப்பா காலைக் கட்டிக்கொண்டாள். செக்கிங் பெண் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இதுலயாவது கத்தி போட்டியளா?” என்று தம்பியைக் கேட்டாள். பெரியவருக்குக் கட்டின பல். காபியில் ஊறவைத்து மூன்று தின்றார்.

அடுத்த மாசம் மெக்கானிக் பாய் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு விசாரித்து வந்து சொன்னார். போர்ச்சுகல்காரர்கள் கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் அவர்களுடைய தையல்காரர்களிடமிருந்து நம் தையல்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல்தானாம் காஜா. பட்டனைப் பொத்தான் என்கிறோமே, அதுவும் அவர்களுடையதாம். ஜன்னலும் சாவியும் அலமாரியும்கூட. வேலை என்கிற காஜ் வேறு வம்சம். அது நம் காரியத்துக்குப் பங்காளி. நம் பக்கம் நல்லதுக்கும் காரியம் என்கிறோம், செத்தவருக்குச் செய்வதையும் காரியம் என்கிறோம். இனிப்பு மூன்றாவது வம்சம். அவர் பெயர் நாலாவது. ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. கூப்பிட்டால் மட்டும் நாலும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கின்றன. அதைத்தான் அட்டையின் உள்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

தம்பி இப்போது மெஷினில் உட்கார்ந்ததும் ஒரு துண்டுத் துணியில் முதல் காஜாவைப் போட்டு, டொக் கேட்டதா என்று செக்கிங் பெண்ணைப் பார்ப்பார். அவள் கேட்டது என்று தலையாட்டிய பிறகுதான் சட்டையை எடுப்பார். மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். பெரியவரைத் தாத்தா என்கிறாள். அவர் அவளை அம்மணி என்கிறார்.

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒரு நாள் பெரியவர் குடையோடு எங்கள் ஷெட் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முகத்தை வைத்துக்கொண்டிருந்த விதத்தில் எனக்குத் திக்கென்றது.

“ஏனுங்க அம்மணி, மூணு பேருன்னுதானுங்களே பேச்சு?”

ஆமாம் என்றேன். யாராவது வந்து தங்குகிறார்களா என்று கேட்டேன்.

“நாலாவது வருதாமுங்க. பங்குனியிலயாம். ஊட்டுல சொன்னாங்க.” குடையை மறு கைக்கு மாற்றினார். “அந்தப் புள்ளைய இனிமே கொடம் தூக்கச் சொல்ல முடியாது பாருங்க. அதானுங்க, அவிய போர்ஷனுக்கே ஒரு பைப்பு இழுத்து உட்டர்லாம்னு. பிளம்பர் ஆராச்சும் தெரியுமுங்களா?”